ஒருசந்தி இருந்தும் ஏறிய உடம்பு

நான் தின்னவில்லை. வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் காய்ச்சல் எப்போது கண்டது, வலி எந்தப் பக்கம் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு வந்தது அப்படி ஆரம்பிக்கவில்லை. என்ன வியாதி என்று எனக்கே தெரியாத காலத்தில் எங்கள் தெருவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. "அமலு துன்றா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

என் பெயர் அமலோற்பவம். வில்லியனூருக்கு மேற்கே ஆற்றைத் தாண்டி, ஒரு சின்ன மாதா கோயிலைச் சுற்றி வேதக்காரக் குடும்பங்கள் குடியிருக்கும் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெயர் சின்னப்பன். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடைக் காலத்தில் மண்டிக்காரர் களத்தில் தராசு பிடிக்கும் வேலையும் பார்ப்பார். வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியார் மரியாயியும் மட்டும். பிள்ளை இல்லை. அதற்கும் என் உடம்பைத்தான் காரணம் சொன்னார்கள்.

கல்யாணத்தின்போது நான் ஒல்லியாகத்தான் இருந்தேன். மூன்றாம் வருஷம் முகம் உப்பத் தொடங்கியது. பிறகு கை, கால், இடுப்பு. வளையல்களை உடைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கரகரத்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. தோல் காய்ந்து வெடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே குளிர். பங்குனி வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால் இரண்டு நாழிகை படுக்க வேண்டும் போலிருக்கும். பேசும்போதே நாக்கு தடித்து வார்த்தை இழுக்கும்.

இவ்வளவும் இருந்தது. ஊர் பார்த்தது இடுப்பை மட்டும். கிணற்றடிக்குப் போனால், "அமலு வரா, வழி உடுங்கடி, கெணறு இடிஞ்சிடப் போவுது" என்பார்கள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

என் மாமியார் கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு சண்டையில் தீர்ந்திருக்கும். என் நன்மைக்கென்று நினைத்துக்கொண்டே அவள் என் சோற்றைக் குறைத்தாள். முதலில் கறி நின்றது. பிறகு ராத்திரிச் சோறு நின்றது. அதற்கப்புறம் வைத்தியரிடம் கூட்டிப் போனாள். அவர் என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எளச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதுக்கு நாடி வேறயா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் கொள்ளுத் தண்ணீர். எங்கள் மாட்டுக்கும் கொள்ளு, எனக்கும் கொள்ளு. மாடாவது அதற்குமேல் வைக்கோல் தின்றது.

தின்னாமல் இருந்தும் உடம்பு ஏறியது. அதனால் அவர்கள், இவள் திருடித் தின்கிறாள் என்று முடிவு செய்தார்கள். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது! போட்ட சோறு போதாது, உடம்போ பெருக்கிறது, ஆகவே ஒளித்துத் தின்கிறாள். நான் கொல்லைப் பக்கம் போனால் என் மாமியாரும் பின்னாலேயே வருவாள். எதற்கென்று கேட்டால் துளசி பறிக்க என்பாள்.

அப்போதுதான் தவசு காலம் வந்தது.

எங்கள் சனங்களுக்குத் தவசு காலம் என்பது விளையாட்டில்லை. விபூதித் திருநாளன்று நெற்றியில் சாம்பல் வாங்கியது முதல் ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் ஒருசந்தி. பகலில் ஒரே வேளை சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது கறி கூடாது. முடிவில் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, பாஸ்குப் பூசையில் நன்மை என்கிற தேவ அப்பம் வாங்க வேண்டும். நன்மை வாங்காதவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. செத்தால் கல்லறையில் எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய காரியம் அது.

சுவாமியார் வெளியூரில் இருந்தார், மாதம் ஒருமுறை குதிரையில் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு உபதேசியார் சூசைதான். செபம் சொல்லிக்கொடுப்பது, யார் பூசைக்கு வரவில்லை என்று பார்ப்பது, சுவாமியாரிடம் போய்ச் சொல்வது எல்லாம் அவர். அதற்கு முந்தின வருஷத் தவசில், எல்லோரும் மெலிந்து நிற்கும்போது நான் ஊதி நின்றது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. இந்தத் தடவை விபூதித் திருநாளன்று கோயில் முடிந்ததும் என் மாமியாரிடம் வந்தார்.

"மரியாயி, நெல்லுக்கு மரக்கா இருக்குது, மல்லாட்டைக்குத் தராசு இருக்குது. ஒருசந்திக்கு மட்டும் கணக்கு வேணாமா? உம் மருமவள இன்னிக்கு ஒருக்கா நிறுப்போம். குருத்து ஞாயித்துக்கு ஒருக்கா நிறுப்போம். ஒழுங்கா இருந்தான்னா எளச்சிருப்பா. ஊரு வாய அடைச்சிடலாம்."

அவர் அதை எனக்கு உதவியாகத்தான் சொன்னார். என் மாமியாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் தின்னவில்லை என்று எனக்குத் தெரியுமே! தராசு பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

மண்டிக்காரர் களத்தில் புளிய மரத்துக் கிளையில் தொங்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் நான் குந்திக்கொண்டு சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். மறு தட்டில் படிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது என் புருஷன். களத்தில் வேலை செய்கிறவர்கள், தெருப் பெண்கள், கோயிலிலிருந்து சாம்பல் பூசின நெற்றியோடு அப்படியே வந்தவர்கள், எல்லோரும் நின்றார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிரிப்பு. "சின்னப்பா, கல்லு பத்தாது, மாட்டப் புடிச்சிக் கட்டு" என்று ஒருத்தன் சொன்னான். என் புருஷன் தலையைத் தூக்கவே இல்லை.

அந்தத் தவசு முழுக்க நான் ஒருசந்தி இருந்தேன். பகலில் ஒரு கவளம் சோறு, கொள்ளுத் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு மல்லாட்டைப் பருப்பைக்கூட வாயில் போடவில்லை. பிடிவாதம் ஏறி, பச்சைத் தண்ணீரைக்கூட அளந்து குடித்தேன். பசியே எடுக்கவில்லை என்பதுதான் விசித்திரம். சோறு வேண்டாம், தூங்கினால் போதும் என்றிருந்தது. நாள் போகப் போக முகத்தின் வீக்கத்தில் கண் சிறுத்தது.

பாஸ்குவுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே தராசில் ஏறினேன். என் புருஷன் போன தடவை வைத்த அதே கற்களை வைத்தார். என் தட்டு மேலே வரவில்லை. இன்னொரு கல் வைத்தார். அப்புறம் இன்னொன்று.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆண்டவரு பாடுபட்ட காலத்துல கூட உனக்கு வாயக் கட்ட முடியலியாடி?" என்று அழுதாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் கேட்டார். போசனப்பிரியம் பெரிய பாவம், அதைச் சொல்லிவிடு என்றார். "நான் திங்கல சாமி" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று சொல்வதுதானே பொய்? அந்தப் பொய்யை எங்கே போய்ச் சொல்லிக் கழுவுவது? அவர் எனக்குப் பாவமன்னிப்புத் தரவில்லை. பாஸ்குத் திருநாளன்று ஊர் முழுவதும் நன்மை வாங்கியது. நான் கடைசியில் தூணை ஒட்டி நின்றேன்.

சித்திரையில் ஒரு நாள் வரப்பில் நடந்து போகும்போது கால் மடங்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கண் திறந்திருந்தது, காது கேட்டது, கை கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வயலில் இருந்தவர்கள் முதலில் சிரித்தது கேட்டது. பிறகு என் நாக்கு தடித்துப் பேச்சு வராததைப் பார்த்துத்தான் ஓடி வந்தார்கள்.

என் புருஷன் அன்றைக்குத்தான் ஆம்பிளையாக ஒரு வார்த்தை பேசினார். "வைத்தியரும் வேணாம் ஒண்ணும் வேணாம். புதுச்சேரிக்கு இட்டுனு போறேன்." வண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைக் கிடத்தினார்கள். ஆற்று மணலில் சக்கரம் புதைந்தபோது, தள்ள வந்தவன், "மாடு பாவம்பா" என்றான். வைக்கோலில் கிடப்பவள் பாவம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளப் பலகை போட்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த இரண்டு பேர் எழுந்து நின்றுகொண்டார்கள். பலகை முறியும் என்று பயமாம். எனக்கு வேறு பயம். உள்ளே போனால் இந்த வெள்ளைக்கார டாக்டரும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதே வார்த்தையைத்தான் சொல்லப் போகிறார், பிரெஞ்சில் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் திரும்பிப் போய் அந்தக் கொள்ளுத் தண்ணீரிலேயே சாக வேண்டியதுதான்.

டாக்டர் வயசானவர், தாடி நரைத்திருந்தது. அவருக்குத் துணையாக ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. எல்லோரும் அவரை 'மாமேர்' என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் என் தாயே என்று அர்த்தமாம். ரொம்ப வருஷம் இங்கே இருந்தவர். செபப் புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரித் தமிழ் பேசுவார்.

முதலில் எடை பார்க்க வேண்டும் என்றார். மூலையில் இரும்பு எடைப் பலகை இருந்தது. அதைப் பார்த்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏற மாட்டேன்" என்று கத்தினேன். அந்தக் கரகரத்த குரலில் அது மாடு கத்துவது போல இருந்திருக்கும். மாமேர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. என் புருஷன் உட்பட எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். துணித் தடுப்பை இழுத்து மறைத்தார். "நான் மட்டும் பார்ப்பேன். ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். நான் ஏறினேன். அவர் பார்த்துக் குறித்துக்கொண்டார். கடைசிவரை அது எவ்வளவு என்று என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு டாக்டர் வந்து உட்கார்ந்தார். மாமேர் அவர் கேட்டதைத் தமிழில் கேட்டார்.

"நீ ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறாய்?"

வழக்கமான கேள்வி. நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "ஒரு கவளம் சோறு. கொள்ளுத் தண்ணி." சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகும் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார். பிறகு என் புருவத்தின் ஓரத்தில் விரலை வைத்து மாமேரிடம் ஏதோ சொன்னார்.

"உன் புருவத்தின் வால் எங்கே போயிற்று என்று கேட்கிறார்."

கையை வைத்துப் பார்த்தேன். புருவத்தின் வெளிப் பாதியில் ஒரு முடிகூட இல்லை. இத்தனை வருஷம் ஊரே என்னைப் பார்த்தது. கிணற்றடியில் பார்த்தது, கோயிலில் பார்த்தது, தராசில் ஏற்றிப் பார்த்தது. ஒரு கண்ணில்கூட என் புருவம் படவில்லை.

குளிருகிறதா என்று கேட்டார். மலம் கட்டிக்கொள்கிறதா, மாதவிலக்கு முறை தவறியதா, தூக்கம் அதிகமா என்று கேட்டார். நான் சொல்லாததையெல்லாம் அவரே சொன்னார். கெண்டைக்காலை அமுக்கினார், பள்ளம் விழவில்லை. நீர் கோத்த வீக்கமாக இருந்தால் பள்ளம் விழுமாம். முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டினார், கால் சோம்பேறித்தனமாக மெல்ல எழுந்து மெல்லப் படுத்தது. நாடி பிடித்துக்கொண்டு வெகுநேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொண்டைக் குழியைத் தடவிவிட்டு ஒரு நீளமான பெயரைச் சொன்னார். மிக்சேதெம்.

"இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு சுரப்பி இருக்கிறது" என்று மாமேர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "சிறியது. உடம்பின் அடுப்பை எரிய வைப்பது அதுதான். உன்னுடையது அணைந்துவிட்டது. அடுப்பு எரியாத வீட்டில் ஒரு பிடி அரிசியும் அப்படியே கிடக்கும் அல்லவா? அதனால்தான் குளிர், அதனால்தான் தூக்கம், அதனால்தான் வீக்கம். நீ சாப்பிட்டதால் இது வரவில்லை. பட்டினி கிடந்தால் இது போகாது."

"அவரு நம்புறாரா?" என்று கேட்டேன்.

"எதை?"

"நான் திங்கலங்கறத."

மாமேர் திரும்பி டாக்டரிடம் கேட்டார். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். இதில் நம்ப என்ன இருக்கிறது, உடம்பே சொல்கிறதே என்றாராம். நான் அந்த அறையிலேயே ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு புருவத்தைப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கா என்னைப் புளிய மரத்தில் தொங்கவிட்டார்கள்?

பெண்கள் கூடத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்து அஞ்சலை. கரும்புக் கொல்லைக்காரர் வீட்டு மருமகள். வயிற்றுப் புண்ணால் எலும்பும் தோலுமாக இருந்தாள். வந்த அன்றே என்னைப் பார்த்துவிட்டு, "நீ பாதி, நான் பாதின்னு கலந்து கட்டியிருந்தா சாமி ரெண்டு பொம்பளைங்கள ஒழுங்கா செஞ்சிருப்பாரு" என்றாள். ஊர்ப் பெண்கள் சொல்லியிருந்தால் எரிந்திருக்கும். அவள் சொன்னதற்குச் சிரித்தேன். தன்னையும் சேர்த்துத்தானே சொன்னாள்.

"உன்ன இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"எலும்புக்கூடு, வத்தக்குச்சி. மாமியாக்காரி சோறு போடாத பொண்ணுன்னு அவங்களுக்கும் கெட்ட பேரு. அதுக்கும் எனக்குத்தான் ஒத." பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரு தொண்டையத் தடவுனாருன்னியே, அறுப்பாங்களாமே?" என்றாள். அந்தப் பயத்தில் நான் விழித்துக் கிடந்ததை மாமேர் மறுநாள் கேட்டு அஞ்சலையைத் திட்டினார். கத்தி கிடையாது, மாத்திரை மட்டும்தான் என்றார்.

ஆட்டின் கழுத்தில் இருக்கும் அதே சுரப்பியை எடுத்து உலர்த்திப் பொடித்துச் செய்த மாத்திரை. என் சுரப்பி செய்யாத வேலையை ஆட்டினுடையது செய்யும். பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள். அதற்காக என் புருஷன் கன்றுக்குட்டியை விற்றார். கப்பல் வரும் வரையில் காத்திருந்தோம். வந்ததும் டாக்டர் மாத்திரையைத் துண்டாக்கி, துளித் துளியாகத்தான் கொடுத்தார். ரொம்ப நாள் அணைந்து கிடந்த அடுப்பைத் திடீரென்று மூட்டினால் நெஞ்சு தாங்காதாம். தினமும் காலையில் மாமேர் வந்து நாடி பார்ப்பார். நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்பார்.

அந்த நாட்களில் என் புருஷன் பக்கத்திலேயே இருந்தார். என் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றுவார். அவர் நல்லவர்தான். ஒரு மத்தியானம் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்:

"நீ துன்னுலன்னு எனக்குத் தெரியும்மே."

"எப்போலேந்து?"

"மொதல்லேந்தே. பக்கத்துல படுக்கறவனுக்குத் தெரியாதா?"

நான் காலை இழுத்துக்கொண்டேன். "அப்போ ஏன்யா கல்ல எடுத்து வச்ச?"

அவர் தன் கையைப் பார்த்தார். "ஊரே சொல்லும்போது நான் ஒருத்தன் இன்னா சொல்றது? நான் வைக்கலன்னா வேற எவனாவது வச்சிருப்பான்."

இவ்வளவு நாள் ஊர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது எனக்கு. தெரியாமல் சிரித்தவன் மடையன், போகட்டும். தெரிந்தவன் தலையைக் குனிந்துகொண்டு கல் வைத்தான். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அஞ்சலையின் வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பில் பாதியை வாங்கி எனக்கு ஊற்றிவிட்டு, போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்.

முதலில் சிறுநீர் குடம் குடமாகப் போயிற்று. பிறகு உள்ளங்கைத் தோல் சட்டை சட்டையாக உரிந்தது. ஒரு நாள் காலையில் கழுத்தடியில் ஈரமாக இருந்தது. தண்ணீர் சிந்திவிட்டதோ என்று துடைத்தேன். மறுபடியும் ஊறியது. வியர்வை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு வியர்த்திருந்தது. "அஞ்சல, எனக்கு வேர்க்குதுடி" என்று சத்தம் போட்டேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பின்னாலேயே பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. காலையில் ரொட்டியும் பாலும், மத்தியானம் சோறும் குழம்பும், ராத்திரி இறைச்சி ரசமும் கொடுத்தார்கள். வழித்துத் தின்றேன். மாமேர் இன்னும் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு தின்றது அந்த ஆஸ்பத்திரியில்தான். தின்னத் தின்ன இளைத்தேன். இதைத்தான் எல்லோரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டினி கிடந்தபோது பெருத்தேன், மூன்று வேளை தின்றபோது இளைத்தேன்.

ஆடி பிறந்து வீட்டுக்கு வந்தேன். முகம் பழையபடி முகமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் மாத்திரை தின்ன வேண்டும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், ஒருசந்தி என்ற பேச்சே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் மாமியாரிடம் கழுத்துச் சுரப்பியைப் பற்றி, அடுப்பைப் பற்றி, ஆட்டைப் பற்றி எல்லாம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் கிணற்றடியில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "ஆஸ்பத்திரியில நல்லா பட்டினி போட்டாங்க. வாயக் கட்டினதும் வடிஞ்சிட்டா."

வீட்டில் கேட்டேன். "ஏன் அத்த பொய் சொன்னீங்க?"

"ஆட்டுத் தொண்டையத் துன்றான்னா சொல்றது? நாலு பேரு இன்னா நெனைப்பாங்க? எளச்சிட்ட, அதோட உடு."

அடுத்த தவசு காலம் வந்தது. சுவாமியாரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது, மாத்திரை மருந்துதான், கறியில்லை என்று அவர் உத்தரவு கொடுத்தார். போன வருஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியாருக்கு அந்த உத்தரவு பெரிய சங்கடமாகிவிட்டது. ராத்திரிச் சோற்றை வைப்பாள், தெருக் கதவையும் கொல்லைக் கதவையும் சாத்துவாள், "சத்தம் போடாம துன்னு" என்பாள். தெருவில் போய், மருமகள் நன்றாக ஒருசந்தி இருக்கிறாள் என்பாள். ஒளித்துத் தின்கிறாள் என்று என்னைச் சொன்ன வருஷம் நான் தின்னவே இல்லை. இப்போது அவளே கதவைச் சாத்தி என்னை ஒளித்துத் தின்ன வைத்தாள். இதிலே ஒரு நாள், "இன்னும் ரெண்டு வாயி போட்டுக்கோ, ரொம்ப எளச்சா நான் சோறு போடலன்னு சொல்லுவாங்க" என்றாளே பார்க்கலாம். சோற்றுச் சட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. பசி.

பாஸ்குத் திருநாள் வந்தது. கோயில் வாசலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நன்மை வாங்கப் போகிறவர்களை உபதேசியார் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா அமலு. போன வருசம் நான் சொன்னது உனக்குக் கசப்பா இருந்திருக்கும். இப்போ பாரு. நாப்பது நாளும் ஒழுங்கா ஒருசந்தி இருந்திருக்கற, ஒடம்பே சாட்சி சொல்லுது." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பாத்துக்குங்க. மனசு வச்சா ஆவாதது இல்ல."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். என் முதுகைக்கூட ஒருத்தி தட்டிக்கொடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய் முழங்காலிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். என் மாமியார் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பேசாமல் போ என்று அர்த்தம்.

"உபதேசியாரே, இந்தத் தவசுல நான் ஒரு நாளு கூட ஒருசந்தி இருக்கல" என்றேன். கரகரப்பு போன என் குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது. "டாக்டரு கூடாதுன்னுட்டாரு, சாமியாரும் உத்தரவு குடுத்துட்டாரு. மூணு வேளையும் வயிறு முட்டத் துன்னேன். ஆட்டுத் தொண்டையில செஞ்ச மாத்திரைய வெள்ளிக்கெழமயும் முழுங்கினேன். போன வருசம் நாப்பது நாளும் இருந்தேன். கொள்ளுத் தண்ணி குடிச்சிக்கினு இருந்தேன். இருந்த வருசம் என்னத் தூணுகிட்ட நிக்க வச்சீங்க. இருக்காத வருசம் என்னக் காட்டி ஊருக்குப் புத்தி சொல்றீங்க. எனக்கு இந்த வருசத்து மெச்சலு வேணாம். போன வருசத்துப் பாஸ்குவத் திருப்பிக் குடுங்க."

உபதேசியார் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். பிறகு, "இன்னா மரியாயி, உம் மருமவ பொய் சொல்றாளா?" என்று என் மாமியாரைக் கேட்டார். அந்த நிலையிலும் அவருக்கு என் வார்த்தை போதவில்லை.

என் மாமியார் தரையைப் பார்த்தாள். ஊர் முழுவதும் அவளைப் பார்த்தது. அவள் எதற்குப் பயந்து கதவைச் சாத்தினாளோ அது நடுவாசலில் வந்து நின்றது.

"இல்ல" என்றாள். "நெசந்தான். நாந்தான் சோறு போட்டேன். போன வருசமும் நாந்தான் போட்டேன். ஒரு கவளத்துக்கு மேல போடல."

போன வருஷம் தராசடியில் வந்திருக்க வேண்டிய வார்த்தை அது. ஆண்கள் பக்கம் என் புருஷனைத் தேடினேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

உபதேசியார் ஒதுங்கி வழிவிட்டார். நான் போய் முழங்காலிட்டு நன்மை வாங்கினேன். மனசில் பகையோடு வாங்கக் கூடாது என்பார்கள். எனக்கு அப்போதும் கோபம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. அதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. அது பாவமென்று எனக்குத் தோன்றவில்லை, சொல்லப்போவதும் இல்லை. செய்யாத பாவத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவர்கள் என்னை ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று.